நல்லவர்தான், ஆனால் என் நோய்க்கு ஏற்றவர் இல்லை: ஒரு கவுன்சலிங் சென்டர் விமர்சனம்

சென்னையில் ஒரு தனியார் கவுன்சலிங் சென்டருக்கு ஓசிடிக்காக (வேண்டாத எண்ணமோ சந்தேகமோ திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) பல மாதங்கள் போய்வந்தேன். பிறகு அங்கிருந்து விலகி, இப்போது ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் சிகிச்சை எடுக்கிறேன். சென்டரின் பெயர் இங்கே வேண்டாம். கவுன்சலர் திட்டுகிறார், கேவலமாகப் பேசுகிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம், அதற்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்பாக இருக்கிறார், பொறுமையாகக் கேட்கிறார், நம் மேல் உண்மையான அக்கறை வைத்திருக்கிறார், எதற்காகப் போனோமோ அந்த நோய் மட்டும் குறையவில்லை என்றால் எப்போது கிளம்புவது, என்ன சொல்லிக் கிளம்புவது? இந்த விமர்சனம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான இடம். உள்ளே பேசுவது வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காது, இது எல்லா இடத்திலும் கிடைக்காது. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய், பத்து செஷனுக்குச் சேர்த்துக் கட்டினால் 12,000. முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, யார் சொல்லி வந்தீர்கள், பிரச்சினை என்ன என்று எழுத இரண்டு வரி இடம். இந்தப் பிரச்சினையால் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, எதையெல்லாம் செய்ய முடியாமல் இருக்கிறது என்ற கேள்வி அதில் கிடையாது. அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது வேறொரு இடத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது.

எனக்கு இருப்பது சரிபார்க்கிற ஓசிடி. கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேனா, வாசல் கதவைப் பூட்டினேனா, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. கண்ணால் பார்ப்பேன், கையால் தொட்டுப் பார்ப்பேன், "மூடியாச்சு" என்று வாய்விட்டும் சொல்வேன், ஆனால் படியிறங்கும்போது சந்தேகம் வந்துவிடும். போன் கேலரியில் ரெகுலேட்டர் போட்டோக்கள்தான் நிறைய இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், அப்புறம் இது இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்று தேதியைப் பார்ப்பேன். இது இல்லாதவர்களுக்கு வெறும் பதற்றம் மாதிரி தெரியும். அதனால்தான் நிறைய இடங்களில் பதற்றத்துக்குச் செய்யும் வைத்தியத்தையே இதற்கும் செய்கிறார்கள்.

என் கவுன்சலர் மேடம் (அங்கே எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள்) கண்ணை மூடச் சொல்வார், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்வார், சின்ன வயதில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். அழுதால் அழ விடுவார். அந்த ஒரு மணி நேரம் அவ்வளவு இதமாக இருக்கும். ராத்திரி பயமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடலாம் என்றும் சொல்லியிருந்தார். நானும் போட்டேன். "மேடம், ரெகுலேட்டர் மூடிட்டேன்தானே?" என்று கேட்டு போட்டோவை அனுப்புவேன். "மூடிட்டீங்கமா, ஒண்ணும் ஆகாது, நிம்மதியா தூங்குங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். எத்தனை மணி ஆனாலும் வரும், முகம் சுளிக்கவே மாட்டார். அந்த வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத் தூங்குவேன். கொஞ்ச நாளில் அதைக் கேட்காமல் தூங்கவே முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஓசிடி பற்றி ஓரளவு படித்தவர்களுக்கு இதில் என்ன கோளாறு என்று உடனே தெரியும். "ஒன்றும் ஆகாது" என்று அடுத்தவர் உறுதி சொல்வதும் ஒரு சரிபார்ப்புதான். கையால் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் மேடத்தின் குரலைக் கேட்டுச் சரிபார்த்தேன். சந்தேகம் வரும், சரிபார்த்தால் அடங்கும், அடங்குவதாலேயே அடுத்த முறை இன்னும் பலமாக வரும். இந்த வட்டத்தை உடைப்பதுதான் ஓசிடிக்கான சிகிச்சை. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் இதன் ஆரம்ப வடிவத்தைப் பற்றி எழுதினார். இந்தச் சிகிச்சையின் பெயர் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈஆர்பி. பயம் வருகிற காரியத்தைச் செய்ய வேண்டும், ஆனால் அந்தப் பயத்தை அடக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கூடாது. ரெகுலேட்டரை ஒரே ஒரு தடவை மூடிவிட்டு, போட்டோ எடுக்காமல், யாரையும் கேட்காமல் வெளியே போய்விட வேண்டும். சந்தேகம் அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட வேண்டும். இத்துடன் தேவைப்பட்டால் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் (மனச்சோர்வுக்கும் இவற்றைக் கொடுப்பார்கள்). எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதைத்தான் பரிந்துரைத்திருக்கிறது. மூச்சுப் பயிற்சி கெடுதல் இல்லை, ஆனால் ஓசிடிக்கு அது மட்டும் வைத்தியம் ஆகாது.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சிகிச்சையாளருக்கும் சிகிச்சைக்கு வருபவருக்கும் இடையே மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும் என்கிறார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, அப்புறம் இருவருக்கும் இடையிலான பிணைப்பு. எங்களிடம் மூன்றாவது ஏராளமாக இருந்தது, முதல் இரண்டைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை. பிணைப்பு இருந்துவிட்டால் மற்ற இரண்டும் இல்லாதது கண்ணிலேயே படாது, அதிலும் பெரியவர்களை எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு.

எனக்குக் கணக்குப் புரிந்தது இப்படி. செஷன் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு, மீதி வாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டை விட்டுக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, பாதி வழியில் திரும்பி வந்தேனா, அம்மாவிடம் எத்தனை முறை "கேஸ் மூடியிருக்கா பாரும்மா" என்று கேட்டேன் என்பதையெல்லாம் ஒரு டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. செஷன் இனிமை, வாரம் நரகம். இப்போது இருக்கும் இடத்தில் நேர் தலைகீழ், செஷன் முடிந்து வரும்போது கை நடுங்கும், ஆனால் வாரம் லேசாகிக்கொண்டே வருகிறது. அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், சிகிச்சையாளரின் அறைக்குள் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், வீட்டுச் சமையலறையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

உடனே ஓடிவிடச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் டைரியை எடுத்துக்கொண்டு போய் மூன்று கேள்விகள் கேட்டேன். மேடம், எனக்கு இருப்பது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நாம் செய்துகொண்டிருக்கும் சிகிச்சையின் பெயர் என்ன? குறைகிறதா இல்லையா என்பதை எதை வைத்துப் பார்க்கிறோம்? அவர் கோபப்படவில்லை. டைரியை வாங்கிக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்பருக்குள்ள போகாதீங்கமா, நீங்க முதல் நாள் வந்ததுக்கும் இப்பவும் எவ்வளவு மாறியிருக்கீங்க தெரியுமா" என்றார். மனதாரச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் முன்னால் நான் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தேன், அவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்த மாற்றம். ஈஆர்பி பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் ரொம்பக் கடுமை, உங்களுக்குத் தாங்காது" என்றார். அந்தப் பயிற்சி அவர் எடுத்ததில்லை என்பதை வேறொரு கேள்விக்கான பதிலில் தெரிந்துகொண்டேன்.

சிகிச்சையாளர்கள் இப்படி நினைப்பது அபூர்வம் இல்லை. 2005-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யாரெல்லாம் சிகிச்சை முடிவில் வந்ததைவிட மோசமாக இருப்பார்கள் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். 3 பேர் என்று வந்தது பதில். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அளந்து பார்க்காமல் கண்ணை மட்டும் நம்பினால் அனுபவசாலிக்கும் இது தெரியாமல் போகும். ஆகவே உங்களுக்குக் குறையவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், எதிரே இருப்பவர் குறைந்திருக்கிறது என்று சொன்னாலும், உங்கள் வார்த்தையை நீங்களே சந்தேகிக்க வேண்டாம். ஓசிடிக்காரர்களுக்கு இது இரண்டு மடங்கு கஷ்டம், ஏனென்றால் சந்தேகம்தான் எங்கள் நோயே.

தகுதியையும் முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. சைக்யாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மேலே மனநல மருத்துவம் படித்த டாக்டர், மெடிக்கல் கவுன்சில் பதிவு இருக்கும், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கவுன்சலர் என்ற பலகை அப்படி இல்லை, முறையாக எம்எஸ்சி படித்தவரும் இருப்பார், சில வார சான்றிதழ் கோர்ஸ் முடித்தவரும் இருப்பார். எம்எஸ்சி படித்த அருமையான கவுன்சலர்கள் இருக்கிறார்கள், நான் பட்டத்தைப் பெரிதாகச் சொல்லவில்லை. "என்னைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களுக்கு நீங்கள் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில்?" என்ற கேள்விக்கு நேரான பதில் வருகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

விலகியதைப் பற்றிச் சொல்கிறேன். நேரில் போய் உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது என்று தெரியும், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதினேன். அப்படியே போடுகிறேன், யாருக்காவது உதவும்: "மேடம், இத்தனை நாள் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. ஓசிடிக்கு ஈஆர்பி தெரிந்த ஒருவரிடம் போக முடிவு செய்திருக்கிறேன், இனி செஷனுக்கு வரமாட்டேன். அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடுங்கள். இதுவரை நடந்ததைப் பற்றி ஒரு சுருக்கமான குறிப்பு கொடுத்தால் புது இடத்தில் காட்டுவேன். பேக்கேஜில் மீதி இருக்கும் செஷன்களுக்கான பணத்தைத் திருப்பித் தர முடியுமா?" அவ்வளவுதான். காரணத்தை நீட்டி விளக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறேன், வேலை மாறிவிட்டது என்று சாக்குச் சொல்லலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். சாக்குச் சொன்னால் ஆன்லைனில் வாருங்கள் என்பார்கள், அப்புறம் அதற்கு ஒரு சாக்குத் தேட வேண்டும்.

கடைசியாக ஒரு செஷன் வைத்து விடைபெறுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. முடிந்தவர்களுக்கு அது நல்லதுதான், சில நேரம் அந்தப் பேச்சிலேயே முறையை மாற்றிக்கொண்டு தொடரவும் வழி பிறக்கும். ஆனால் அது நம் கடமை இல்லை. பொருந்தாதபோது நிறுத்தி வேறு இடத்துக்கு வழிகாட்டுவது அவர்களுடைய பொறுப்பு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகளில், சிகிச்சையால் பலன் இருக்காது என்று தெளிவாகத் தெரிந்தால் சிகிச்சையாளரே முடித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

மேடம் இரண்டு வரியில் வாழ்த்திப் பதில் போட்டார், ஒரு பக்கக் குறிப்பும் வந்தது. எனக்கு மனது ஆறாமல் போனது அதற்குப் பிறகு நடந்த ஒன்றால்தான். சென்டர் அலுவலகத்திலிருந்து அம்மா நம்பருக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு பாதியில நிறுத்திட்டாங்க, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். அவசரத் தொடர்புக்கு என்று கொடுத்த நம்பர் அது. நான் சிறுபிள்ளை இல்லை, சம்பாதித்து நானே பணம் கட்டுபவள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-ல் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது, பிரிவு 25 நம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது, சேவையில் குறை இருந்தால் புகார் செய்ய பிரிவு 28 இருக்கிறது. இதை எழுதி அனுப்பிய பிறகு மேலாளர் மன்னிப்புக் கேட்டார். பேக்கேஜ் பணம் திரும்பாது என்று ரசீதுக்குப் பின்னால் அச்சடித்திருக்கிறது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் குறிப்பிட்டு இன்னொரு மெயில் அனுப்பியதும் பாதித் தொகை வந்தது. இனி எங்கு போனாலும் செஷனுக்குச் செஷன்தான் பணம்.

இவ்வளவு நிதானம் எல்லா நேரமும் தேவையில்லை. தொடக் கூடாத விதத்தில் தொட்டார், பாலியல் பேச்சு எடுத்தார், வெளியே தனியாகச் சந்திக்கலாமா என்றார் என்றால் கேள்வியும் வேண்டாம், டைரியும் வேண்டாம், அந்த நிமிடமே வெளியே வாருங்கள், முடிந்தால் நடந்ததை எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். ஓரினச்சேர்க்கையாளர், திருநர் என்றால் "மாற்றிக் காட்டுகிறேன்" என்று ஆரம்பிப்பவரிடமும் அப்படித்தான். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ஆளை மாற்ற முயலும் சிகிச்சையைத் தடை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார், அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர்களுக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கமா" என்பவரிடமும் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை. ஜாதகத்தைக் கேட்டுப் பரிகாரம் சொன்னாலும் அதேதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். விலக நினைப்பது மாத்திரை எழுதும் சைக்யாட்ரிஸ்டிடமிருந்து என்றால், டாக்டரை மாற்றுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று வரும், நோய் திரும்புவதும் உண்டு. பழைய சீட்டுடன் அடுத்தவரிடம் போய்விட வேண்டும். உயிரை விடும் எண்ணம் வருகிற காலம் என்றால் அடுத்த ஆளை உறுதி செய்த பிறகு விலகுங்கள், நடுவில் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இப்போது போகும் இடத்தில் முதல் நாளே ஒய்-பாக்ஸ் என்ற தாளை வைத்துக் கேள்வி கேட்டார்கள். பத்துக் கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண், 1989-லிருந்து உலகம் முழுக்க ஓசிடியை அளக்கப் பயன்படுவது. எனக்கு 27 வந்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறோம், கடைசியாகப் பார்த்தபோது 15. செஷன் முடியும்போது நான்கு வரி உள்ள இன்னொரு தாள்: நீங்கள் சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொண்டேனா, பேச நினைத்ததைப் பேச முடிந்ததா, நான் செய்யும் முறை உங்களுக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. முறை ஒத்துவரவில்லை என்று ஒரு தடவை குறைவாகவே போட்டேன். ஏன் என்று கேட்டு, இஸ்திரிப் பெட்டிக்கான பயிற்சியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, கதவுப் பூட்டிலிருந்து தொடங்கினார். ராத்திரி மெசேஜ் போட்டால் பதில் வராது. அதையும் முதலிலேயே சொல்லி, ஏன் பதில் போடமாட்டேன் என்று விளக்கியிருந்தார். ஆரம்பத்தில் இவரிடமிருந்தும் ஓடிவிடத் தோன்றியது, ஆனால் அது பயிற்சியின் கஷ்டம். என்ன கஷ்டம் வரும், எதற்காக, எத்தனை நாள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது.

பழைய சென்டருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. துக்கம், பிரிவு, வேலை நெருக்கடி என்று மனம் விட்டுப் பேச ஒருவர் வேண்டும் என்பவர்களுக்கு அந்த மேடத்தை இப்போதும் தயங்காமல் சொல்வேன், அப்படிக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. ஓசிடிக்கு வேண்டாம். பெங்களூரு போக முடிந்தவர்களுக்கு அங்குள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. சென்னையிலேயே பார்க்கிறீர்கள் என்றால் போனிலேயே ஈஆர்பி செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், "வாங்க, பேசிப் பாக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த நம்பருக்குப் போடுங்கள்.